ஊசி டார்க் ரெஞ்சைச் சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

வண்டி வேலையில் மரை போவது, ஸ்டட் (நட்டு ஏறும், தலையில்லாத மரைத் தண்டு) முறிவது, ஓடும்போது நட்டு கழல்வது மூன்றுக்கும் பல நேரம் காரணம் ஒன்றுதான்: கைக்கணக்கில் இறுக்குவது. ஒரே கை, ஒரே பலம். ஸ்பேனரின் நீளம் இரட்டித்தால் போல்ட்டுக்குப் போகும் முறுக்குவிசையும் இரட்டிக்கும். இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கிறோம் என்று காட்டும் ஸ்பேனர்தான் டார்க் ரெஞ்ச்; அதில் ஊசியும் அளவுத்தட்டும் மட்டுமே உள்ள பழைய மாதிரி போதும். குறித்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் தரும் வகையில் வேலை வேகமாக நடக்கும், உண்மைதான். ஆனால் வீட்டில் வேலை பார்ப்பவரும் சிறு பட்டறைக்காரரும் முதலில் வாங்க வேண்டியது ஊசி வகையைத்தான்.

இதன் அமைப்பு மிக எளிது. ஒரு முனையில் சாக்கெட் மாட்டும் சதுரத் தலை, அதிலிருந்து நீளும் இரும்புத் தண்டு, மறுமுனையில் கைப்பிடி. தலையிலிருந்தே ஒரு மெல்லிய ஊசியும் தண்டுக்கு இணையாக வருகிறது. நாம் இழுக்கும்போது தண்டு வளையும். ஊசியின் மேல் பாரம் எதுவும் விழாததால் அது நேராகவே நிற்கும். அளவுத்தட்டு கைப்பிடிப் பக்கம் தண்டோடு பொருத்தப்பட்டிருப்பதால் தண்டோடு நகரும், ஊசி எண்ணைக் காட்டும். உள்ளே தளர்ந்துபோகும் ஸ்பிரிங் கிடையாது. வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி அளக்கும். சைக்கிளின் இடது பெடல் போன்ற இடது மரைகளுக்கும் அப்படியே பயன்படும்.

வாங்கும்போது அளவைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ரெஞ்சில் எல்லாம் செய்ய நினைப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. 0 முதல் 200 நியூட்டன் மீட்டர் (முறுக்குவிசையின் அலகு) வரை காட்டும், அரை இன்ச் சதுரத் தலை உள்ள ரெஞ்சில் 10 நியூட்டன் மீட்டரைப் படிக்கவே முடியாது. ஊசி பூஜ்யத்தை விட்டு நகர்ந்ததா என்பதே சந்தேகமாக இருக்கும். தட்டின் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே உள்ள எண்ணை நம்ப வேண்டாம். பைக் வேலைக்கு 50, 60 நியூட்டன் மீட்டர் வரை போகும் சிறிய ரெஞ்ச், கார் சக்கரத்துக்கு 150 தாண்டும் பெரிய ரெஞ்ச் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்லது. எம்6 போல்ட்டுக்கு (மரையின் விட்டம் 6 மில்லிமீட்டர்) வேண்டிய 10 நியூட்டன் மீட்டர் சிறியதிலும் நம்பத்தக்க கீழ் எல்லையில்தான் வரும். நிறைய எம்6 வேலை இருந்தால் கால் இன்ச் ரெஞ்ச் ஒன்று தனியாக வேண்டும்.

எத்தனை இறுக்க வேண்டும் என்பதை வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருந்து மட்டுமே எடுங்கள். பொது அளவு தெரிந்திருந்தால் மேனுவலில் படித்த எண்ணைச் சரிபார்க்க உதவும். 8.8 என்று வலிமைத் தரம் தலையில் குறித்த, இரும்பில் ஏறும் உலர்ந்த போல்ட்டுக்கு எம்6 என்றால் சுமார் 10, எம்8 என்றால் 25, எம்10 என்றால் 50, எம்12 என்றால் 85 நியூட்டன் மீட்டர். அலுமினியத்தில் ஏறும் போல்ட்டுக்கு இதை அப்படியே போடக் கூடாது.

அலகில் கவனம் வேண்டும். சில மேனுவல்களில் கிலோகிராம் மீட்டர் இருக்கும்: 1 கிலோகிராம் மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். கிலோகிராம் சென்டிமீட்டரில் 250 என்று இருந்தால் அது சுமார் 25 நியூட்டன் மீட்டர். 1 அடி பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர். அங்குலப் பவுண்டை அடிப் பவுண்டாகப் படித்துவிட்டால் 12 மடங்கு இறுக்கிவிடுவோம். போல்ட் அங்கேயே முறியும்.

மரையைச் சுத்தம் செய்வது பாதி வேலை

ரெஞ்ச் அளப்பது திருப்பும் விசையை. நமக்கு வேண்டியதோ போல்ட் இழுபட்டு இரண்டு பாகங்களையும் பிடிக்கும் விசை. நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலேயே போகிறது, இன்னொரு 40 சதவீதம் மரை உராய்வில் போகிறது. பிடிப்பாக மாறுவது சுமார் 10 சதவீதம்தான். அதனால் உராய்வு சற்று மாறினாலும் பிடிப்பு வெகுவாக மாறிவிடும். உலர்ந்த மரைக்குக் குறித்த அளவை எண்ணெய் பூசிய மரையில் கொடுத்தால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடும்: ரெஞ்சில் எண் சரி, ஆனால் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிட்டது. துருப்பிடித்த மரையில் இதற்கு நேர் எதிர். எண் வந்துவிடும், பிடிப்பு வந்திருக்காது.

ஆகவே கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேயுங்கள், தலை உட்காரும் இடத்தில் பெயின்ட், மண் இல்லாமல் துடையுங்கள். மேனுவல் எண்ணெய் போடச் சொன்னால் போடுங்கள். சொல்லாவிட்டால் உலர்வாக விடுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால் வழித்தெடுக்காமல் போல்ட்டை ஏற்றக் கூடாது. திரவம் அமுங்காது, அலுமினிய வார்ப்பே விரிசல் விடும்.

இறுக்கும் முறை

முதல் சில சுற்றுகளை விரலால் ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத போல்ட் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். உட்கார்ந்ததும் சாதாரண ஸ்பேனரால் லேசாக நிறுத்தி, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் டார்க் ரெஞ்சை எடுங்கள்.

ஊசி வகையின் கைப்பிடி ஒரே ஒரு பின்னில் ஆடும்படி மாட்டப்பட்டிருக்கும். இது தளர்ச்சி இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விசை அந்தப் பின் வழியாக மட்டுமே தண்டுக்குப் போக வேண்டும். கைப்பிடியின் ஒரு ஓரம் தண்டில் முட்டினால் விசை விழும் புள்ளி மாறிவிடும், எண் பொய்யாகும். கைப்பிடி இரண்டு பக்கமும் முட்டாமல் மிதக்கிற மாதிரி நடுவில் பிடித்து இழுங்கள். இதே காரணத்தால்தான் இந்த ரெஞ்சில் பைப் மாட்டி நீட்டவே கூடாது.

இடது கையால் தலையைத் தாங்கி, வலது கையால் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளினால் வழுக்கும்போது விரல் அடிபடும். ஊசிக்கு நேர் மேலே இருந்து படியுங்கள், சாய்வாகப் பார்த்தால் இரண்டு மூன்று எண் தவறும். ஒரே சீராக, நிறுத்தாமல் இழுத்து, ஊசி அளவைத் தொட்டதும் விடுங்கள். அளவுக்குச் சற்று முன் நின்றுவிட்டால், நின்ற போல்ட்டை மறுபடி நகர்த்தக் கூடுதல் விசை தேவைப்படும். ஊசி எண்ணைக் காட்டும், போல்ட் அசைந்திருக்காது. அப்படி நின்றால் கால் சுற்று தளர்த்தி மறுபடி இழுங்கள்.

சாக்கெட் நுழையாத இடத்தில் தண்டின் நேர்கோட்டில் நீட்டிப்பு மாட்டினால் கணக்கு மாறும். சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடிப் பின் வரை 450 மில்லிமீட்டர், நீட்டிப்பு 50 மில்லிமீட்டர் என்றால் 50 நியூட்டன் மீட்டருக்கு 50 × 450 ÷ 500, அதாவது ஊசியில் 45 வரை மட்டுமே இழுக்க வேண்டும். நீட்டிப்பை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் மாட்டினால் கணக்கே வேண்டாம். சாக்கெட்டுக்கு மேல் நேராக மாட்டும் எக்ஸ்டென்ஷன் ராடுக்கும் கணக்கு வேண்டாம்.

கார் சக்கரம்

பல சிறிய கார்களுக்கு அளவு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். ஸ்டட்டில் எண்ணெய், கிரீஸ் வேண்டாம். நட்டின் கூம்பு முகம் ரிம்மின் குழியில் சரியாக உட்காருகிறதா என்று கவனியுங்கள்; அலாய் வீலுக்கும் இரும்பு ரிம்முக்கும் நட்டு வேறாக இருக்கலாம்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே எல்லா நட்டையும் வீல் ஸ்பேனரால் லேசாக நிறுத்துங்கள். பிறகு டயர் தரையைத் தொடும் அளவுக்கு இறக்குங்கள், இல்லையென்றால் சக்கரம் சுற்றும். ஐந்து நட்டு என்றால் 1, 3, 5, 2, 4 என்று ஒன்று விட்டு ஒன்றாக. நான்கு என்றால் எதிரெதிராக. முதல் சுற்று பாதி அளவில், இரண்டாவது முழு அளவில். ஒரே நட்டை முதலிலேயே முழுக்க இறுக்கினால் ரிம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும், பிரேக் டிஸ்க்கும் கோணலாகப் பிடிபடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஆறிய சக்கரத்தில் மறுபடி ஒரு சுற்று பாருங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கியிருந்தால் நட்டுகளைத் தளர்த்திவிட்டு ரெஞ்சால் புதிதாக இறுக்குங்கள். ஏற்கெனவே மிகையாக இறுக்கிய நட்டில் ரெஞ்சை வைத்தால் ஊசி அளவைக் காட்டும்; எவ்வளவு மிகை என்று காட்டாது.

ஊசி ஏறும் விதம்

ஊசி வகையை முதலில் வாங்கச் சொன்னதற்கு இதுதான் காரணம். நல்ல மரையில், போல்ட் உட்கார்ந்த பிறகு அது திரும்பத் திரும்ப ஊசியும் சீராக ஏறும். போல்ட் திரும்பிக்கொண்டே இருக்க ஊசி ஏறாமல் நின்றால், மரை உரிகிறது அல்லது போல்ட் அளவுக்கு மீறி இழுபடுகிறது, உடனே நிறுத்துங்கள். பைக் எஞ்சினின் ஆயில் டிரெயின் போல்ட்டில், இரும்பு போல்ட் அலுமினிய மரையில் ஏறும் இடத்தில், இதைக் கவனித்தால் கிரேங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) தப்பும். அங்கே வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். நசுங்கிய பழைய வாஷர் கசியும், கசிவை நிறுத்த மேலும் இறுக்குவோம், அதில்தான் மரை போகும். மாறாக, தலை உட்காரும் முன்பே ஊசி திடீரென எகிறினால் மரையில் அழுக்கு, மரை மாறல், அல்லது போல்ட் நீளமாகி அடியில் முட்டுகிறது. கழற்றிப் பாருங்கள். கிளிக் ரெஞ்ச் இவை எதையும் முன்கூட்டிக் காட்டாது.

வீட்டிலேயே சோதிக்க

கீழே விழுந்த ரெஞ்சில் ஊசி பூஜ்யத்தில் நிற்காது. ஊசியை அடியில் மெல்ல வளைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். அளவுக்கு மீறி இழுத்து தண்டே வளைந்திருந்தால் இது போதாது. எடை வைத்துச் சோதிக்க வேண்டும்.

சதுரத் தலையை வைஸில் பிடித்து, தண்டு கிடைமட்டமாகவும் எடை இழுத்தால் பக்கவாட்டில் வளையும்படியும் வையுங்கள். ரெஞ்சின் சொந்த எடைக்கு ஊசி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பிடிப் பின்னுக்கு நேர் கீழே ஒரு கேனைத் தொங்கவிட்டு, கேனும் தண்ணீரும் சேர்த்துத் தராசில் சரியாக 10 கிலோ இருக்கும்படி செய்யுங்கள். சதுரத்தின் மையத்திலிருந்து பின் வரை 40 சென்டிமீட்டர் என்றால், முதலில் குறித்ததைக் கழித்தபின் ஊசி 39 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். ஒன்றரை எண் வரை முன்பின் இருந்தால் வேலைக்கு ஆகும். அதற்கு மேல் தவறினால் ரெஞ்சை மாற்றுங்கள்.

பின்னாளில் கிளிக் வகை வாங்கினால், வேலை முடிந்ததும் அதைத் தட்டின் மிகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்தி வையுங்கள், அதற்கும் கீழே வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி 12 மாதம் அல்லது 5,000 இறுக்கம், எது முதலில் வருகிறதோ அப்போது அதை அளவுசோதனைக்குக் கொடுக்க வேண்டும். எஞ்சின் ஹெட் போல்ட்டுக்கு மேனுவலில் நியூட்டன் மீட்டரோடு '90 டிகிரி' என்று கோணமும் குறித்திருந்தால், கடைசிக் கட்டத்துக்கு ஊசி வகையும் கிளிக் வகையும் உதவாது, கோணமானி வேண்டும். அந்த போல்ட்டை மறுபடி பயன்படுத்தலாமா என்பதையும் மேனுவலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.