பிரிண்ட் வருகிறது, ஸ்கேன் மட்டும் சர்வருக்குப் போகவில்லையா?

மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் மாடிக்கு மாடி, சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்தான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் பெரிய பிரிண்டரில் ஸ்கேன் ஆகி, நேராக சர்வர் ஃபோல்டரில் போய் விழும். ஒரு நாள் விழாது. "பிரிண்டர் போச்சு சார்" என்று போன் வரும்.

போயிருக்காது. பிரிண்ட் கொடுக்கும்போது கம்ப்யூட்டர் பிரிண்டரைத் தேடிப் போகிறது. ஸ்கேன் செய்யும்போது பிரிண்டர்தான் சர்வரைத் தேடிப் போகிறது. அந்த வழியில் எங்கே அடைப்பு என்று பார்த்தால் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்கு ஓட வேண்டாம்.

படி 1: முகவரி

சர்வரில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுங்கள். அங்கே வரும் ஐபிவி4 முகவரியும் பிரிண்டரின் அட்ரஸ் புக்கில் இருப்பதும் ஒன்றா? கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழுந்தால் முகவரி மாறியிருக்கலாம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே தரவில்லை என்று அர்த்தம், கேபிளைப் பாருங்கள். எதுவானாலும் ரவுட்டரில் சர்வருக்கு நிலையான முகவரி ஒதுக்கி, அதையே பிரிண்டரின் அட்ரஸ் புக்கிலும் போட்டுவிடுங்கள்.

படி 2: வேறு கம்ப்யூட்டரிலிருந்து திறப்பது

விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, \\192.168.1.10\ஸ்கேன் என்பதுபோல உங்கள் சர்வர் முகவரியையும் ஃபோல்டர் பெயரையும் அடியுங்கள். திறந்தால் படி 3. திறக்காவிட்டால் சர்வரில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள், 'பிரைவேட்' ஆக்குங்கள். ஃபயர்வாலில் ஃபைல் ஷேரிங்குக்கு, அதாவது போர்ட் 445-க்கு, அனுமதி இருக்க வேண்டும்.

படி 3: பாஸ்வேர்ட்

நான் பார்த்தவரை பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. யாரோ சர்வர் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள், பிரிண்டருக்கு யார் சொல்வது? ஸ்கேனுக்கென்று தனி யூசர் ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்ட் காலாவதி ஆகாதபடி டிக் செய்யுங்கள். லாகின் செய்யும் பின் நம்பர் இதற்கு ஆகாது. பிரிண்டரில் யூசர் பெயரை மட்டும் கொடுத்து ஏற்கவில்லை என்றால், சர்வர் பெயர், பேக்ஸ்லாஷ், யூசர் பெயர் என்று சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம், ஃபோல்டரின் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு டேப்களிலும் அந்த யூசருக்கு எழுதும் அனுமதி வேண்டும். ஒன்றில் கொடுத்துவிட்டு இன்னொன்றை மறந்து அரை நாள் அலைந்திருக்கிறேன்.

படி 4: பழைய பிரிண்டர், புது விண்டோஸ்

எல்லாம் சரி, இன்னும் போகவில்லையா? ஷேர் செய்த ஃபோல்டருக்கு ஃபைல் அனுப்பும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர்; பழைய பிரிண்டருக்கு அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரிந்திருக்கலாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்தால் அது வருவதில்லை. அதே ஆண்டு மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். "அதை ஆன் பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிரிண்டரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். வழியில்லை என்றால், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும், ஃபைல் அனுப்பும் இன்னொரு முறையான எஃப்டிபி வைத்து அனுப்பலாம். விண்டோஸ் 11 ப்ரோவை 24எச்2-க்கு மாற்றிய பிறகு நின்றதா? அது சைனிங், அதாவது வரும் தகவலுக்கு டிஜிட்டல் கையொப்பம், கேட்கும்; பாஸ்வேர்ட் இல்லாத ஷேருக்கும் வழி விடாது. அதற்கும் முதல் மருந்து ஃபர்ம்வேர்தான்.

ஒரு பக்கம் ஸ்கேன் செய்து பாருங்கள். விழுந்துவிட்டதா? சர்வர் முகவரியை ஒரு சீட்டில் எழுதிப் பிரிண்டர் பக்கவாட்டில் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை வேண்டாம்; ஓர் ஆபீஸில் அதைத் தினசரி காலண்டர் அட்டையில், வாசலிலிருந்தே படிக்கும்படி எழுதி வைத்திருந்தார்கள்.