பருவகால மழை வரைபடத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல் நினோ (பசிபிக் பெருங்கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) பேச்சு அடிபடத் தொடங்கியதும் அமெரிக்காவின் ஐ.ஆர்.ஐ. காலநிலை ஆய்வு நிறுவனம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் சேவை, இந்திய வானிலை ஆய்வுத் துறை என்று பல இடங்களின் பருவகால முன்கணிப்பு வரைபடங்கள் கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றைப் புதிதாகப் படிக்க வருபவர்கள், முன்பு வந்தவர்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். தலைப்பைக்கூடப் படிக்காமல் பகிர்வது போன்றவற்றைச் சொல்லத் தேவையில்லை. பணமும் விளைச்சலும் போகிற தவறுகளை மட்டும் பார்ப்போம்.

45 சதவீதத்தை மழையின் அளவாகப் படிப்பது

எத்தனை முறை விளக்கினாலும் திரும்பத் திரும்ப வரும் தவறு இது. ‘இயல்பைவிட அதிகம்: 45 சதவீதம்’ என்று வரைபடம் சொன்னால், மறுநாள் ‘45 சதவீதம் கூடுதல் மழை’ என்று செய்தி வந்துவிடுகிறது. அந்த எண் வாய்ப்பைத்தான் சொல்கிறது. மழை எவ்வளவு என்று சொல்லவே இல்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும். ஐரோப்பிய வானிலை மையத்தின் சீஸ்5 என்ற கணினி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் தேதியில் தொடங்கி, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை, ஏழு மாதங்களுக்கு அதை ஓட்டுகிறார்கள். அதே மாதிரியைக் கடந்த ஆண்டுகளுக்கும் ஓட்டியிருப்பார்கள். கோப்பர்நிக்கஸில் அது 1993 முதல் 2016 வரை. அந்தப் பழைய ஓட்டங்களில் வந்த மழையை ஏறுவரிசையில் அடுக்கி, மூன்று சம பங்காக வெட்டுவார்கள்: குறைவு, இயல்பு, அதிகம். இந்த ஆண்டின் 51 ஓட்டங்களில் 23 மேல் பங்கிலும், 16 நடுப் பங்கிலும், 12 கீழ்ப் பங்கிலும் விழுந்தால், 45–31–24 என்று வரும்.

ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஒவ்வொரு பங்குக்கும் 33 சதவீதம் உண்டு. ஆகவே 45 என்பது 12 புள்ளி சாய்வு, அவ்வளவுதான். மழை குறைவதற்கு இன்னும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு அப்படியே இருக்கிறது. மேல் பங்குக்குள்ளும் எல்லைக்கோட்டை ஒரு மி.மீ. தாண்டிய ஆண்டும் வெள்ளம் வந்த ஆண்டும் ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

இந்தத் தவறு என்ன செய்யும் என்பதற்கு 1997–98 ஜிம்பாப்வே சாட்சி. எல் நினோ மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் மழை குறையும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்ற முன்னறிவிப்பு, ஜிம்பாப்வேயில் ‘வறட்சி உறுதி’ என்று பரவியது. வங்கிகள் பயிர்க்கடனை இறுக்கின. விவசாயிகள் விதைக்கும் பரப்பைக் குறைத்துக்கொண்டார்கள். மழை ஏறத்தாழ இயல்பாகவே பெய்தது. இயல்பான மழைக்கான வாய்ப்பும் அந்த முன்னறிவிப்பில்தான் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. நிலம் சும்மா கிடந்தது. அதே 1997இல் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சராசரியில் 102 சதவீதம்!

செய்ய வேண்டியது இது. உங்கள் மாவட்டத்தின் அக்டோபர்–டிசம்பர் மழையை 30 ஆண்டுகளுக்கு எடுத்து, குறைவிலிருந்து அதிகத்துக்கு அடுக்குங்கள். 10க்கும் 11க்கும் இடையே ஒரு கோடு, 20க்கும் 21க்கும் இடையே இன்னொரு கோடு. கோடு விழும் மி.மீ. அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பங்குகளிலும் உங்கள் பயிருக்கு என்ன ஆகும் என்று தனித்தனியாக எழுதுங்கள். அதன் பிறகு 45–31–24ஐப் பக்கத்தில் வையுங்கள். அந்த 24 நடந்தால் தாங்க மாட்டீர்கள் என்றால், 45ஐ நம்பி முழுக் காசையும் இறக்காதீர்கள்.

வெள்ளை நிறத்தை ‘இயல்பான மழை’ என்று எடுத்துக்கொள்வது

எந்தப் பக்கமும் சாய்வு தெரியவில்லை என்றுதான் பொருள்.

எல் நினோ என்றால் வறட்சி

எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேளுங்கள். எல் நினோவின்போது இந்தியாவின் ஜூன்–செப்டம்பர் மழை குறையும் பக்கம் சாய்கிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ கூடும் பக்கம் சாய்கிறது. 2015இல் நாடு முழுதும் பருவமழை 86 சதவீதம்தான், டிசம்பரில் சென்னை மூழ்கியது. மறு ஆண்டு பசிபிக் லா நினா (எல் நினோவுக்கு நேர்மாறான குளிர்ந்த நிலை) பக்கம் திரும்பியது, இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அக்கடலின் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் வெப்ப வேறுபாடு) எதிர்மறையாக இருந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. இதுவும் சாய்வுதான், சட்டம் அல்ல. 2015–16இன் பெரிய எல் நினோவில் மழை கொட்டும் என்று காத்திருந்த தெற்கு கலிஃபோர்னியா வறண்டுதான் கிடந்தது.

‘நாடு முழுதும் இயல்பு’ என்பதில் உங்கள் மாவட்டத்தைத் தேடுவது

ஏப்ரலில் இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்வது ஜூன்–செப்டம்பருக்கு. 87 செ.மீ. சராசரியில் 96 முதல் 104 சதவீதம் வரை இயல்பு. தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர்–டிசம்பரில் கிடைக்கிறது. அதற்குத் தனி அறிவிப்பு உண்டு. அங்கே தென் தீபகற்பத்துக்கு 88 முதல் 112 வரை இயல்பு.

பிப்ரவரியிலேயே எல் நினோவை முடிவு செய்வது

வடகோளத்தின் வசந்த காலத்தை (மார்ச்–மே) தாண்டும்வரை பசிபிக் கணிப்புகள் பலவீனமானவை. 2014இன் தொடக்கத்தில் பெரிய எல் நினோ வருகிறது என்று உலகமே பேசியது. அந்த ஆண்டு வரவில்லை, 2015இல்தான் வந்தது. ஜூன் கணிப்புக்காகக் காத்திருங்கள்.

வெப்பநிலை வரைபடம் முழுக்கச் சிவப்பு என்று பதறுவது

1991–2020 சராசரியோடு ஒப்பிட்டால், புவி சூடாகியிருப்பதாலேயே பெரும்பகுதி சிவப்பாகத்தான் தெரியும். சுற்றியுள்ள இடங்களைவிட எங்கே நிறம் அடர்ந்திருக்கிறது, எங்கே வெளிறியிருக்கிறது என்று பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அலகைப் பார்க்காமல் விடுவது

‘நாளுக்கு 0.5 மி.மீ. கூடுதல்’ சிறியதாகத் தெரியும். அக்டோபர்–டிசம்பரின் 92 நாளுக்குக் கூட்டினால் 46 மி.மீ.

வறண்ட மாதங்களில் மழை வரைபடம்

மழையே பெய்யாத மாதங்களில் பங்குகளின் எல்லை சில மி.மீ.தான். நிறத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஊரையும் தேதியையும் கேட்பது

ஒரு பாகை அகலக் கட்டம் என்றால் ஏறத்தாழ 110 கி.மீ. மூன்று மாதக் கூட்டுத்தொகைதான் அதில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்ததுபோல ஒரு நாள் மழை, பருவம் முழுவதன் கணக்கையும் மாற்றிவிடும். அந்த நாளை எந்தப் பருவகால வரைபடமும் சொல்லாது.

ஒரே ஒரு கணினி மாதிரியின் வரைபடத்தை மட்டும் நம்புவது

போதாது.

பழைய வரைபடம்

வெளியான மாதம் மேலேயே அச்சிட்டிருக்கும். உலக மையங்கள் மாதந்தோறும் புதுப்பிக்கின்றன; இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரல் அறிவிப்பை மே இறுதியில் திருத்துகிறது. புதியது வந்ததும் முந்தையதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.