அருங்காட்சியகப் பொருளைப் பற்றி முதல் பதிவு போடுவது எப்படி? பல்லாவரம் கல்லோடு ஒரு பயிற்சி

ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? பண்டிகை வாழ்த்து அட்டைகளைப் போட்டே காலத்தை ஓட்டிவிடலாம்தான். ஆனால் ஒரு பொருளை எடுத்து, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆட்கள் நின்று படிப்பார்கள்.

படி 1: ஒரே பொருள்

"கற்காலக் கருவிகள்" என்று மொத்தமாக அள்ளாதீர்கள். ஒரு கல் போதும். சென்னைப் பல்லாவரத்துக் கைக்கோடரி, அதாவது கையில் பிடித்தே பயன்படுத்திய கற்கருவி, உங்கள் காட்சிப்பேழையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 2: தகவலும் ஆதாரமும்

வேலையில் முக்கால்வாசி இதுதான். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடப்பக்கம் தகவல், வலப்பக்கம் அது எங்கிருந்து வந்தது என்பது. அருங்காட்சியகப் பதிவேடு, அகழாய்வு அறிக்கை, அச்சில் வந்த கட்டுரை இவையெல்லாம் ஆதாரம். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்பது ஆகாது.

நாள்: 1863 மே 30. கண்டெடுத்தவர்: இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட். இடம்: பல்லாவரம், ஒரு சரளைக் குழி. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் இது என்பார்கள்.

அடுத்தது வயது. கை தானாகவே "15 லட்சம் ஆண்டுகள்" என்று எழுதப் போகும். நிறுத்துங்கள். அந்த எண் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்துக்கு உரியது. தொல்லியல் ஆய்வாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே தோண்டி, கருவிகள் புதைந்திருந்த அடுக்குகளின் காலத்தைக் கணித்து 2011இல் வெளியிட்டார்கள். அத்திரம்பாக்கத்திலும் ஃபூட் 1863இல்தான் கருவிகளைக் கண்டார். ஒரே ஆள், ஒரே ஆண்டு என்பதால் இரண்டு ஊரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. பல்லாவரத்துக் கல்லின் வயதுக்கு நேரே வலப்பக்கம் காலியாக இருக்கிறது, இல்லையா? அப்படியானால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

படி 3: படம்

ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து எடுத்தால் உங்கள் சட்டையின் பிரதிபலிப்பு படத்தில் விழாது. பக்கத்தில் ஒரு அளவுகோல் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கைக்கோடரி மாங்கொட்டை அளவா, அம்மிக்கல் அளவா என்று யாருக்கும் தெரியாது. பேழையைத் திறக்க முடியாதென்றால் நீளத்தைப் பதிவேட்டில் பார்த்து எழுதிவிடுங்கள். கூகுளில் கிடைத்த வேறு கோடரியின் படத்தை மட்டும் ஒட்டாதீர்கள்.

படி 4: எழுத்து

கண்ணுக்குத் தெரிவதிலிருந்து ஆரம்பியுங்கள்:

"பார்த்தால் சாதாரணக் கல். விளிம்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்திருக்கிறார்கள். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைக் கண்டெடுத்தார்."

அவ்வளவுதான். "உலகமே வியக்கும்", "மறைக்கப்பட்ட வரலாறு" எதுவும் வேண்டாம். விளையாட்டாக எழுதலாமா? தாராளமாக. இங்கிலாந்தில் ரெடிங் நகரிலுள்ள கிராமப்புற வாழ்க்கை அருங்காட்சியகம் 2018 ஏப்ரலில் ஒரு கொழுத்த செம்மறிக்கிடாவின் பழைய படத்தைக் கிண்டலாகப் போட்டது. பதிவு உலகம் முழுக்கப் பரவியது. கிண்டல் வாசகத்தில்தான் இருந்தது. படம் அவர்களுடைய சேகரிப்பில் உள்ள அசல் படம்.

படி 5: படத்தின் மேலேயே பெயர்

பொருளின் பெயர், கிடைத்த ஊர், அருங்காட்சியகத்தின் பெயர் மூன்றையும் படத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஏறியதும் எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் பிரிந்து போய்விடும்.

படி 6: தவறு வந்தால்

பதிவை அழிக்காதீர்கள். அதே பதிவின் தலையில் "திருத்தம்" என்று போட்டு, எது தவறு, எது சரி என்று எழுதி, சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். மேலே சொன்ன 15 லட்சத்தைப் பல்லாவரத்துக்கு ஏற்றி எழுதியது நான்தான். ஒருவர் கமெண்டில் கேட்டதும் பயந்துபோய் மொத்தப் பதிவையும் அழித்தேன். அதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தார்கள். சில மாதம் கழித்து அது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெரியப்பா. கீழே, "ஏம்ப்பா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா?" என்று கேள்வி வேறு.