அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரத்தில் எப்போது தட்டுவது, எப்போது ஆடுவது, எப்போது கிளம்புவது

ஜெர்மனியின் பவேரிய மாநிலத் தலைநகர் மியூனிக்கில் நடக்கும் பீர் விழாவான அக்டோபர்ஃபெஸ்ட்டுக்கு இசைக்காகப் போகிறீர்கள் என்றால் பகலில் போங்கள். மாலை ஆறு மணிக்கு முன்னும் பின்னும் அங்கே நடப்பவை இரண்டு வேறு விழாக்கள். 2005-இல் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது: ஆறு மணி வரை கூடாரங்களில் பித்தளை வாத்தியக் குழுவின் மரபு இசைதான் ஒலிக்க வேண்டும், ஒலியளவு 85 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. நண்பகலிலேயே கூச்சலும் கும்மாளமுமாகி, முதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் ஒதுங்கத் தொடங்கியதால் வந்த விதி அது. ஆறு மணிக்குப் பிறகு மின் கிதாரும் பாப் பாடல்களும் மேடையேறும். பலர் இரவு ஏழு மணிக்கு உள்ளே நுழைந்துவிட்டு, 'பவேரிய இசை கேட்கவே இல்லையே' என்று திரும்புகிறார்கள். கோளாறு விழாவில் இல்லை, போன நேரத்தில்தான்.

நாள் தேர்வு

செப்டம்பர் 15-க்கு அடுத்து வரும் சனிக்கிழமை தொடங்கி, அக்டோபர் முதல் ஞாயிறு வரை விழா நடக்கும். அந்த ஞாயிறு 1 அல்லது 2-ஆம் தேதியாக அமைந்தால் 3-ஆம் தேதி வரை நீளும். திங்கள் முதல் வியாழன் வரை, காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் நான்கு வரைதான் நல்ல நேரம். சனிக்கிழமைகளிலும் அக்டோபர் 3 விடுமுறையிலும் கூட்டம் நிரம்பி, கூடாரக் கதவுகளையே மூடிவிடுவார்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் உட்கார இடம் கிடைத்தால்தான் பீர் தருவார்கள். மேசைகள் பத்துப் பேருக்கானவை. காலியிடம் தெரிந்தால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். முன்பின் தெரியாதவர்களோடு அமர்வது இங்கே இயல்பு. மேசையில் முன்பதிவுத் தாள் இருந்தால் நேரத்தைப் பாருங்கள். 'மாலை 5 மணி முதல்' என்றிருந்தால் அதுவரை அது உங்கள் மேசை. 20×15×10 சென்டிமீட்டரைவிடப் பெரிய பையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வாத்தியக் குழுவைக் காதால் படிப்பது

முதலில் டியூபாவைத் தேடுங்கள். மேடையில் மிகப் பெரிய வாத்தியம் அதுதான். தாளத்தின் முதல் அடியை அது ஊதும். பெரும்பாலும் ஒரு முறை ஆதார சுருதி, அடுத்த முறை பஞ்சமம், அதாவது ச, ப, ச, ப. டியூபா விட்ட இடைவெளியில் ஹார்ன்கள் 'பா' என்று எட்டிப் பார்க்கும். மெட்டு ஃப்ளூகல்ஹார்னிடமும் கிளாரினெட்டிடமும் இருக்கும். ட்ரம்பெட்டைவிட ஃப்ளூகல்ஹார்னின் ஒலி உருண்டையானது, மென்மையானது. பவேரிய இசையின் இதம் அங்கிருந்துதான் வருகிறது. தெனர்ஹார்ன் அடியில் எதிர்மெட்டு பாடும். முதல் அரைமணி நேரம் அந்த எதிர்மெட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி ஒலித்த பாடல்கள் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும்.

போல்காவும் அணிவகுப்பு இசையும் இரண்டின் கணக்கு. கை தட்டுவது டியூபாவோடு. எதிரடியில் தட்டினால் ஹார்ன்கள் செய்யும் வேலையை நீங்களும் செய்து பாட்டின் காலை வாரிவிடுவீர்கள். பாப் இசைக்குப் பழகிய கை தானாகவே எதிரடிக்கு ஓடும், அதைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

வால்ட்ஸும் லெண்ட்லரும் மூன்றின் கணக்கு. இங்கே கை தட்ட வேண்டாம். குவளையைக் கீழே வைத்துவிட்டு, இரு பக்கத்தாரோடும் முழங்கையைக் கோத்துக்கொண்டு பக்கவாட்டில் அசைவார்கள். ஷுங்கெல்ன் என்பது இதற்குப் பெயர். மூன்று எண்ணிக்கைக்கு ஒரே அசைவு. முதல் மூன்றுக்கு இடம், அடுத்த மூன்றுக்கு வலம். எந்தப் பக்கம் தொடங்குவது என்பதை பெஞ்சின் கோடியில் இருப்பவர் தீர்மானித்திருப்பார், அவரைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அசைந்தால் முழு பெஞ்சும் குலைந்துவிடும்.

மிகச் சுவையானது ஸ்வீஃபாகர். மூன்றும் இரண்டும் ஒரே பாட்டுக்குள் மாறி மாறி வரும். ஜெர்மானியர்களே திணறுகிற இடத்தில், சொற்கட்டு தெரிந்த தமிழ்க் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும்: தகிட தகிட தக தக. எண்ணின் வேகம் மாறாது, குழுக்கள்தான் மாறும். இந்த வரிசை எல்லாப் பாட்டுக்கும் பொதுவானதல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு, சிலவற்றில் நடுவிலேயே அது மாறும். முதல் சுற்றைக் கேட்டு வாய்க்குள் சொல்லிக்கொண்டு, இரண்டாவது சுற்றில் 'த' விழும் இடங்களில் மட்டும் மேசையில் விரலால் தட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் பவேரியர் கட்டாயம் திரும்பிப் பார்ப்பார்.

ப்ரோஸிட்

கால் மணி அல்லது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குழு சட்டென்று மெதுவான ஒரு மெட்டுக்கு மாறும். எல்லோரும் குவளையைத் தூக்குவார்கள். 'ஐன் ப்ரோஸிட் டேர் கெமூட்லிஷ்கைட்' (கூடியிருக்கும் இதத்துக்கு ஒரு வாழ்த்து) என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். பவேரியாவின் அடையாளமாகிவிட்ட இந்தச் சிறு பாட்டை 1898-இல் இயற்றியவர் சாக்ஸனியின் கெம்னிட்ஸைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் டிட்ரிஷ். பாட்டு முடிந்ததும் மேடையிலிருந்து 'ஓஅன்ஸ், ஸ்வோஅ, ட்ரை' என்று மூன்று வரை எண்ணுவார்கள். 'க்ஸுஃபா!' (குடி!) என்று கூடாரமே பதில் சொல்லும். அதன் பிறகுதான் குடிக்க வேண்டும், பாடும்போதே வாயில் வைக்காதீர்கள்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ப்ரோஸிட்டுக்கும் பெரிய மிடறாக இழுத்தால், மூன்று மணி நேரத்தில் கணக்கு எங்கோ போய்விடும். விழா பீரில் ஆல்கஹால் சுமார் ஆறு சதவீதம். குவளை ஒரு லிட்டர். உதடு நனையும் அளவுக்கு ஒரு மிடறு போதும். அரைக் கோழி வறுவலையோ பிரெட்ஸலையோ முதலில் சாப்பிட்டுவிடுங்கள், நடுநடுவே தண்ணீர் வாங்குங்கள். பீரே வேண்டாம் என்றால் ஆப்பிள் சாறு கலந்த சோடாவோடும் ப்ரோஸிட் சொல்லலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பீர் நிறைந்த குவளை இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். மோதும்போது விளிம்பில் மோதாதீர்கள், அங்கே கண்ணாடி மெல்லியது. கனமான அடிப்பாகத்தில் மோதுங்கள், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து.

ஆட வேண்டுமென்றால்

பெரிய கூடாரங்களில் ஆட்டத்துக்கு இடம் கிடையாது. பெஞ்சின் மேல் ஏறலாம், மேசையின் மேல் ஏறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். உண்மையான நடனத்துக்கு மைதானத்தின் தென்கோடியில் பெரும்பாலான ஆண்டுகளில் அமையும் ஓய்டே வீஸ்னுக்குப் போங்கள். விழாவின் 200-ஆம் ஆண்டான 2010-இல் தொடங்கிய பழைய பாணிப் பகுதி அது. சிறிய நுழைவுக் கட்டணம் உண்டு. மரத்தாலான ஆடுதளம் இருக்கிறது. தொடையிலும் பாதணியிலும் தட்டி ஆடும் ஷூப்ளாட்லர் குழுக்களும், சாட்டையைத் தாளத்துக்கு வெடிக்க வைப்பவர்களும் அங்கே வருவார்கள். புதியவர்கள் போயரிஷரில் தொடங்குவது நல்லது: நிதானமான இரண்டின் கணக்கு, பக்கவாட்டில் போய் வந்து பிறகு சுற்றுவது. ரப்பர் அடிக் காலணி மரத்தளத்தில் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகும். தோல் அடி உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கூடாரத்துக்குள் நுழையாமலே கேட்கவும் வழி உண்டு. முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொடங்கும் மரபு உடை ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நகரின் நடுவே நடந்து வருவார்கள், குழுக்கள் பல வகை. இரண்டாம் ஞாயிறு பதினொரு மணிக்கு பவேரியா சிலையின் படிகளில் எல்லாக் கூடாரங்களின் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஊதுவார்கள். ஒரே ஒரு காலைதான் உங்களுக்கு இருக்கிறது என்றால் ஊர்வலத்தை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வோம். ஊர்வலத்தில் ஒரு குழுவின் பாட்டு முடிவதற்குள் அது உங்களைக் கடந்துவிடும்.

இரவு 10:30-க்குப் பெரும்பாலான கூடாரங்களில் இசையும் பீரும் நின்றுவிடும். குவளையைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அது திருட்டு, வாசலில் சோதனை உண்டு. நினைவுக்கு வேண்டுமானால் கடையில் விலைக்கு வாங்கலாம். மைதானத்தை ஒட்டிய தெரேஸியன்வீஸே நிலையம் அந்த நேரத்தில் அடைத்துக்கொண்டிருக்கும். தெற்கே கோத்தேப்ளாட்ஸ் அல்லது வடக்கே ஹாக்கர்ப்ரூக்கெ வரை நடந்து ரயில் ஏறுங்கள், அல்லது பத்து மணிக்கே எழுந்துவிடுங்கள்.