அம்பு பட்டதும் இறங்கி ஓடாதீர்கள்: பொது நிலத்தில் வில் வேட்டைக்கு வரும் புதியவர்களுக்கு

கோடை முடியும்போதே டெட்ராய்ட் பக்கத்து நண்பர்களில் யாராவது ஒருவர் புது காம்பவுண்ட் வில்லோடு (கப்பி வைத்த நவீன வில்) வந்து நிற்பார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வெள்ளைவால் மானுக்கான வில் சீசன் அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. நவம்பர் 15-ல் துப்பாக்கிக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். அதற்குள் ஒரு மானாவது எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். சொந்தமாகக் காடோ வயலோ கிடையாது என்பதால் வாட்டர்லூ போன்ற அரசு நிலங்கள்தான் கதி. அங்கே போய், முன்பு நாங்கள் விழுந்த அதே குழிகளில் ஒவ்வொருவராக விழுகிறார்கள்.

கைபேசியை அணைக்காமல் பரண் ஏறுவது, அம்பை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவது போன்றவற்றை விடுங்கள். ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டால் தானாகச் சரியாகிவிடும்.

வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டியே உட்கார்வது

எல்லோரும் நல்ல பாதை போகிற வரைக்கும் போவார்கள், பாதை முடிந்ததும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். சீசன் தொடங்கிய சில நாளிலேயே மான்களுக்கு அது தெரிந்துவிடும். வரைபடத்தில் சதுப்பு எங்கே முடிந்து ஓக் மேடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பகலில் சதுப்புப் புதரில் படுத்திருக்கும் மான், சாயங்காலம் ஓக் கொட்டை தின்ன அந்த விளிம்பு வழியாகத்தான் மேலே வரும். கணுக்கால் நனைய நடக்கத் தயாராக இருந்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும்: எல்லோரும் ஒரு மைல் உள்ளே நடந்துகொண்டிருக்க, சாலையோரம் யாருமே திரும்பிப் பார்க்காத ஒரு புதர்த் துண்டில் பெரிய கொம்பன் படுத்திருக்கும்.

காற்று

மான் வர வேண்டிய பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது பிடரியில் காற்று பட்டால், உங்கள் வாசனை நேராக மானுக்குப் போகிறது என்று அர்த்தம்; இறங்கி வீட்டுக்குப் போங்கள். வாசனை மறைக்கும் ஸ்ப்ரே விற்பவர்களுக்கு நல்ல வியாபாரம், அவ்வளவுதான்.

சமதரையில் மட்டும் பழகுவது

டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வீட்டுப் புல்வெளியில் நின்று எய்தால் எல்லா அம்பும் நடுவில்தான் போகும். பரணில் நீங்கள் குளிரில் விறைத்து, தடித்த ஜாக்கெட்டோடு, உட்கார்ந்தபடி கீழ்நோக்கி எய்ய வேண்டியிருக்கும். கையை மட்டும் தாழ்த்தாமல் இடுப்பை வளைத்துக் குறிவைக்கப் பழகுங்கள். நாண் ஜாக்கெட் கையில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் அம்பு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

தூரத்திலும் அடக்கம் வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். நல்ல காம்பவுண்ட் வில்லின் அம்பு 280 அடி போனாலே அதிகம். 40 கெஜத்தில் காதை விறைத்து நிற்கும் மான், நாண் சத்தம் கேட்டு உடம்பைத் தாழ்த்தி ஓடத் தயாரான பிறகுதான் அம்பு வந்து சேரும். முதல் வருஷம் 20 கெஜத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஹார்னஸ்

பரணிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டை. கால் தரையை விட்டு எழும்பும் முன்பே மாட்டியிருக்க வேண்டும். இதில் பேச்சே கிடையாது.

அம்பு பட்டதும் தேடிப் போவது

மற்றதையெல்லாம் மன்னிக்கலாம், இதை முடியவில்லை. எத்தனை முறை சொன்னாலும் ஒவ்வொரு சீசனிலும் யாராவது இதைச் செய்கிறார்கள்.

துப்பாக்கிக் குண்டு போல அம்பு மானைச் சாய்ப்பதில்லை. அது அறுக்கிறது; ரத்தம் இழந்துதான் மான் சாகிறது. இரண்டு நுரையீரலையும் துளைத்தால் சில நொடிகளில் கதை முடிந்துவிடும், பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்து கிடக்கும். ஈரலில் பட்டால் சில மணி நேரம் ஆகும். வயிற்றிலோ குடலிலோ பட்டால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அப்படி அடிபட்ட மான் தொலைதூரம் ஓடுவதில்லை. யாரும் துரத்தவில்லை என்று தெரிந்தால் பக்கத்திலேயே ஒரு புதரில் படுத்துக்கொள்ளும். விட்டுவைத்தால் அங்கேயே கிடக்கும். கிளப்பிவிட்டால் அரை மைல் ஓடும், அதுவும் ரத்தத் தடமே இல்லாமல். ஏனென்றால் குடலும் கொழுப்பும் காயத்தின் வாயை அடைத்துவிடும்.

போன சீசனில் ஒரு தம்பி பரணிலிருந்தே கூப்பிட்டான்.

"அண்ணே, செம ஹிட்!"

"எப்படி ஓடுச்சு?"

"ஓடலைண்ணே. முதுகைக் கூனிக்கிட்டு நடந்து போச்சு."

அந்த ஒரு வார்த்தை போதும். நுரையீரலில் பட்ட மான் தலைதெறிக்க ஓடும். கூனிக்கொண்டு நடந்தால் அது வயிறு. அம்பை எடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பச்சையும் பழுப்புமாகப் பிசுக்கு ஒட்டியிருக்கிறது, நாறுகிறது என்றான். சத்தமில்லாமல் வந்த வழியே திரும்பிப் போ, காலையில் சேர்ந்து தேடலாம் என்றேன். சரி என்றான்.

போகவில்லை. இருட்டினதும் டார்ச்சோடு இறங்கிவிட்டான். நூறு கெஜத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முன்னால் கிளைகள் முறியும் சத்தம். அங்கே இலைகள் அழுந்தி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்த ரத்தம் இருந்தது. தொட்டால் இலை இன்னும் சூடாக இருந்ததாம். மான் அங்கேதான் படுத்திருந்தது. விடிய விடிய அங்கேயே இருந்திருக்கும், காலையில் நேராக நடந்துபோய் எடுத்திருக்கலாம்.

மறுநாள் மோப்ப நாய் வைத்திருப்பவர் ஒருவரைக் கூப்பிட்டோம். கயிற்றில் பிடித்த நாயை வைத்து அடிபட்ட மானைத் தேட மிச்சிகனில் அனுமதி உண்டு. ஆனால் இவன் ரத்தத்தை மிதித்த பூட்ஸோடு அந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருந்தான், நாய் வட்டமடித்தது. ஒருவழியாகத் தடம் பிடித்து, நுழையத் தடை என்ற பலகை மாட்டிய தனியார் பண்ணை வேலியில் போய் நின்றது. உரிமையாளர் அனுமதி தராமல் உள்ளே கால் வைக்க முடியாது, அடிபட்ட மானே ஆனாலும். அவர் தரவில்லை. அது அவர் உரிமை.

இதைச் சொன்னால் உடனே எதிர்க்கேள்வி வரும். கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு) தின்றுவிடாதா? வெயிலில் கறி கெடாதா? வேறு யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? எல்லாம் நடக்கக்கூடியதுதான். அக்டோபர் முதல் வாரத்தில் இரவுகூடச் சூடாக இருந்தால் கறியில் ஒரு பகுதியை இழக்க நேரிடலாம். கிளப்பிவிட்டால் முழு மானையும் இழப்பீர்கள். மழை வந்து தடத்தை அழித்துவிடும் என்பவர்களுக்கு: குடலில் பட்டதற்குத் தடம் என்று ஒன்று இருந்தால்தானே அழிவதற்கு?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எய்ததும் அசையாதீர்கள். மான் கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தை மனதில் குறித்து, பரணில் இருந்தபடியே காம்பஸில் திசை பாருங்கள். கீழே இறங்கினால் எல்லா மரமும் ஒன்று போலத் தெரியும். அரை மணி நேரம் கழித்து இறங்கி அம்பைத் தேடுங்கள். இறகை ஒரு வெள்ளை டிஷ்யூவில் துடையுங்கள். இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரல்: பின்தொடரலாம். கருஞ்சிவப்பானால் ஈரல்: குறைந்தது நான்கு மணி நேரம். பச்சையோ நாற்றமோ இருந்தால் மறுநாள் காலை. அம்பு கிடைக்கவில்லை, எதுவும் புரியவில்லை என்றாலும் மறுநாள் காலைதான். தடம் பிடிக்கும்போது ரத்தத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடந்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு துண்டு டிஷ்யூவைக் கிளையில் மாட்டிக்கொண்டே போங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும்.

பதிவு

வீழ்த்திய மானை மிச்சிகனில் பதிவு செய்வது 2022 முதல் கட்டாயம். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதியுங்கள்.

இழுத்து வருவது

சதுப்பைத் தாண்டிப் போங்கள் என்று மேலே சொன்னேன். அங்கே மானை வீழ்த்தினால் அதே சதுப்பு வழியாக, இருட்டில், நீங்கள்தான் இழுத்து வர வேண்டும். குடலை எடுத்த பிறகும் நல்ல கொம்பன் ஓர் ஆள் எடை இருக்கும். மலிவான பிளாஸ்டிக் ஸ்லெட் ஒன்றும் கயிறும் வண்டியில் கிடக்கட்டும். கூப்பிட்டால் வருகிற நண்பர் யார் என்பதையும் சீசனுக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.