ரெட் வைன் சுவைப்பவர்கள் செய்யும் தவறுகள்

நாசிக்கில் ஒரு வைன் ஆலையில், வருபவர்களுக்குச் சுவைக்க ஊற்றிக்கொடுப்பது என் வேலை. ஒன்பது வருடமாகிறது. சனி, ஞாயிறுகளில் மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வருபவர்களில் பாதிப்பேர் ரெட் வைனை முதல்முறை குடிப்பவர்கள். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்யும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை. கிளாஸை எங்கே பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

சூடாகக் குடிப்பது, சூட்டில் வைப்பது

"ரெட் வைனை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதாமே, ரூம் டெம்பரேச்சர்தானாமே?" வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார். அந்தப் பேச்சு ஐரோப்பாவின் பழைய வீடுகளிலிருந்து வந்தது. அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் ஊரில் கோடையில் வீட்டுக்குள்ளேயே 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்கு அடியில் அமுங்கிப்போகும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஷிராஸில் (ஷிராஸ் என்ற திராட்சையில் செய்யும் ரெட் வைன்) பெரும்பாலும் நம்பி வாங்குவதே அந்தப் பழ வாசனையைத்தான். ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் போட்டுக் கால் மணி நேரம் பாட்டிலை வைத்தால் போதும். ஒரே ஷிராஸை அலமாரியிலிருந்து ஒரு கிளாஸும், குளிரவைத்ததில் ஒரு கிளாஸுமாக ஊற்றிக்கொடுத்திருக்கிறேன். இரண்டாவதுதான் விலை அதிகம் என்று அடித்துச் சொன்னவர்கள் பலர்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது பாட்டிலைச் சூட்டில் போட்டுவைப்பது. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆறு பாட்டில் வாங்கி ஃபிரிட்ஜின் மேல் அடுக்கினேன். ஏப்ரல், மே முழுக்க அங்கேயே இருந்தது. ஜூனில் திருச்சியிலிருந்து அக்கா வந்தபோது ஒன்றைத் திறந்தேன். தக்கை லேசாக மேலே எழும்பியிருந்தது, கழுத்தில் பிசுபிசுப்பு. உள்ளே வேகவைத்த உலர்திராட்சை வாசனை. ஆறும் அப்படியே. அன்றைக்கு எனக்கு நாலாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. பேட்ச் கெட்டுவிட்டது என்று வைன் தயாரிப்பவரிடமே போய்ப் புகார் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எங்கே வெச்சிருந்தீங்க?"

இப்போதும் பார்க்கிறேன். காலை பதினொரு மணிக்கு வாங்கி, கார் டிக்கியில் போட்டுவிட்டு, திரியம்பகேஸ்வரர் கோயில், மதியச் சாப்பாடு என்று சுற்றிவிட்டு இருட்டியபின் மும்பைக்குக் கிளம்புகிறார்கள். வெயிலில் பூட்டிய கார் அடுப்புதான். பிறகு நாசிக் வைனே சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்வார்கள். தயவுசெய்து ஊர் சுற்றி முடித்துவிட்டுக் கடைசியாக வாங்குங்கள். வீட்டில் அடுப்பிலிருந்து தள்ளி, வெளிச்சம் படாத, இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள். அதுவும் சூடாக இருந்தால் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், ஒன்றும் ஆகாது.

துவர்ப்பைக் கசப்பு என்று தள்ளுவது

முதல் மடக்கிலேயே முகம் சுளித்து "கசக்குது" என்பார்கள். கசப்பு நாக்கில் தெரியும். இது ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுக்கும் உணர்வு. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு தின்ற நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோமே, துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் அப்படி வறள்கிறது. ஒரு துண்டு சீஸோ பனீரோ கடித்துவிட்டு மறுபடி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு இறங்கி, பழம் மேலே வரும். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மிசல் (இங்கே காலையில் சாப்பிடும் காரமான பயறுக் குழம்பு) சாப்பிட்டுவிட்டு நேராக வருவது

வேண்டாம். காரம் பட்ட நாக்கில் ஆல்கஹால் எரியும், துவர்ப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

பாட்டிலில் பழைய வருடம் போட்டிருக்கிறதா என்று தேடுவது

ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் புதிய வருடத்து வைனையே வாங்குங்கள்.

மிச்சத்தை அலமாரியில் வைப்பது

திறந்த பாட்டிலில் காற்று வேலையை ஆரம்பித்துவிடும். இறுக மூடி ஃபிரிட்ஜில் நிற்கவைத்தால் மூன்று நாள் தாங்கும். குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் சரியாக இருக்கும். நான்காம் நாள் மிஞ்சியிருந்தால் நான் மட்டன் வேகும்போது ஊற்றிவிடுவேன்.