திரிந்துபோன அலுமினாவும் வேறு சில தவறுகளும்

போன மாதம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சார், கெட்டுப்போன சரக்கை அனுப்பியிருக்காங்க." உள்ளே நானோ அலுமினா, அதாவது நீரில் மிதக்கவேண்டிய மிக நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு துகள்கள், தயிர் மாதிரி உறைந்து கிடந்தது. "தம்பி, பிஎச் பாத்தியா?" என்றேன். முழித்தான். சில வருடங்களுக்கு முன் நானும் இதே வசனத்தைப் பேசி, இதே முழி முழித்தவன்தான்.

கையுறை போடு, பாட்டிலைக் குலுக்கு என்பதையெல்லாம் சொல்ல ஆளிருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு, இப்படி நானோ துகள் கலந்த திரவங்களில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிஎச் பார்க்காமல் கலப்பது

நீரில் மிதக்கும் ஆக்சைடு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அவற்றின் மேற்பரப்பு மின்சுமைதான் காரணம். பிஎச் மாறினால் அதுவும் மாறும். எந்த பிஎச்சில் சுமை பூஜ்யமாகிறதோ அதுதான் சமமின் புள்ளி. சிலிக்காவுக்கு அது 2 வாக்கில், டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 6-ஐ ஒட்டி, அலுமினாவுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் 9 பக்கம். அதை நெருங்கினால் பால் திரிவதுபோலத் திரிந்துவிடும்.

என்னிடம் இருந்தது நைட்ரிக் அமிலத்தில் நிலைப்படுத்திய 20 சதவீத அலுமினா, பிஎச் 4. சேர்க்க வேண்டிய பைண்டரோ (துகள்களைப் பிணைக்கும் பசை) பிஎச் 9. இரண்டும் ஒத்துப்போகட்டும் என்று, 5 லிட்டர் கேனையும் மொத்தமாகக் கொட்டி அம்மோனியா ஊற்றினேன். 8-ஐத் தாண்டியதும் சரக்கு தயிராக உறைந்து, கலக்கும் கருவியே நின்றுவிட்டது. பதறிப்போய் அமிலம் ஊற்றினேன். பிஎச் 4-க்குத் திரும்பியது, தயிர் திரும்பவில்லை. அமிலமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட், அதாவது உப்பு. உப்பு கூடக்கூட, துகள்களை விலக்கி வைக்கும், துகளைச் சுற்றிய மின்படலம் ஒடுங்கும். அப்புறம் பிஎச் சரியாக இருந்தும் துகள்கள் ஒட்டும். அடுத்த கேன் வர ஆறு வாரம். அதுவரை மேலாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எரிச்சல் எதற்கென்றால், பிஎச் 4 என்று கேன் மேலேயே அச்சடித்திருந்தது.

காரத்தில் வேலை என்றால் அதற்கென்றே செய்த சரக்கை வாங்குங்கள். இல்லையென்றால் அம்மோனியம் பாலிஅக்ரிலேட் என்ற பாலிமரைப் போட்டு துகளின் சுமையை எதிர்மறைக்கு மாற்றலாம். ஆனால் அளவு குறைந்தால் அது சுமையைச் சமன்செய்து, தானே திரிய வைக்கும். எதுவானாலும் முதலில் 10 மில்லி எடுத்துச் செய்து, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். அமில அலுமினாவில் கார சிலிக்காவை ஊற்றாதீர்கள்: எதிரெதிர்ச் சுமை, கட்டிப் பிடித்துக்கொள்ளும். துகளின் சுமை எவ்வளவு வலுவானது என்று காட்டும் ஜீட்டா பொட்டன்ஷியல் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல், அதனால் திரியாது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்த பிஎச்சில் என்று கேளுங்கள்.

குழாய்த் தண்ணீர்

வேண்டாம். கால்சியம் ஒன்றே போதும் சிலிக்காவைக் கெடுக்க.

சோனிகேட்டரை ஓடவிட்டு டீக்குப் போவது

சோனிகேட்டர் என்பது மீயொலியால் துகள் கட்டிகளை உடைக்கும் கருவி. ஓடவிட்டுப் போனால் திரவம் கொதிநிலைக்குப் போகும். முனையும் தேயும், கேட்காமலே டைட்டானியம் தூள் உள்ளே விழும். பனிக்கட்டிக்குள் பீக்கரை வைத்து, விட்டுவிட்டு ஓட்டுங்கள். லேபிளில் 20 நானோமீட்டர் என்று இருப்பது பெரும்பாலும் ஒற்றைத் துகளின் அளவு. தயாரிக்கும்போதே உருகி ஒட்டிய கொத்துகள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்த அளவுக்கு உடையாது.

ஒளிச்சிதறல் கருவி சொல்லும் சராசரி

துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து அவற்றின் அளவைச் சொல்லும் கருவி இது. சிறு துகள்களில் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும். 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகள்கள் பத்து லட்சம் சேர்ந்து தரும் ஒளியைத் தரும். கொஞ்சம் தூசி விழுந்தாலே சராசரி எங்கோ போய்விடும். வடிகட்டிய நீரில் நீர்த்து, பரவல் வரைபடத்தையும் பாருங்கள்.

ஃப்ரீசர்

கூடாது. பனிப் படிகம் துகள்களை நெருக்கித் தள்ளி ஒட்டவைத்துவிடும்.

மேக்னடைட்டுக்குக் காந்தக் கலக்கி

மேக்னடைட் என்பது காந்தம் இழுக்கும் இரும்பு ஆக்சைடு. சிரிக்காதீர்கள். பாதிச் சரக்கைக் கலக்கும் துண்டிலிருந்து சுரண்டி எடுத்தோம்.